டிரிப்பர் யாரைக் காப்பாற்றுகிறது?

வீட்டில் கரண்ட் போனால் எங்கள் ஊரில் முதலில் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பார்கள். எதிர்வீட்டிலும் இருட்டு என்றால் நிம்மதி. கோளாறு நம் வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால்தான் தொல்லை. அப்போது திட்டு வாங்குவது கதவுக்கு மேலே பெட்டிக்குள் இருக்கும் டிரிப்பர். அடுத்த திட்டு அதை மாட்டிய எனக்கு.

கலசப்பாக்கத்தில் வயரிங் வேலை செய்கிறேன். போளூர், ஆரணி பக்கத்துப் பட்டுத்தறி வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: “சும்மா சும்மா விழுது தம்பி, பெருசா ஒண்ணு போட்டுடு.”

இதற்குப் பதில் சொல்லவே பையில் ஒரு செத்த எம்.சி.பி.யை வைத்திருக்கிறேன். ரிவெட்டைத் துளைத்து, ஒரு பக்க மூடியைக் கழற்றியது. ‘மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர்’ என்பதன் சுருக்கம்தான் எம்.சி.பி.; நம் வாயில் அது டிரிப்பர். திறந்து காட்டினால், பெரிதாகப் போடச் சொன்னவர்களில் பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிப்பார்கள். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பரை யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

விரல் அகலப் பெட்டிக்குள் வேலை செய்யும் பாகங்கள் நான்குதான். ஒன்று, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை அசையாது, மற்றது அசையும். இரண்டு, மெல்லிய உலோகத் தகடு ஒன்று. மூன்று, தடித்த செம்புக் கம்பியைச் சில சுற்று சுற்றிய சுருள்; நடுவில் சிறு இரும்புத் தண்டு. நான்கு, அடுக்கி வைத்த இரும்புத் தகடுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெளியே நாம் தள்ளும் கைப்பிடியையும் அசையும் முனையையும் இணைப்பவை ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கொக்கியும்.

இதன் அமைப்பு எலிப்பொறிதான். கைப்பிடியை மேலே தள்ளும்போது நம் கை ஸ்பிரிங்கை முறுக்கிக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. கொக்கியை யாராவது லேசாகத் தட்டினால் போதும், ஸ்பிரிங் மிச்ச வேலையைச் செய்து முனைகளைப் பிரித்துவிடும். தட்டுவதற்கு உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்: அந்தத் தகடு, அந்தச் சுருள். வீட்டுக்குள் போகும் மின்சாரம் முழுவதும் இந்த இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும்.

சிலர் டிரிப்பர் விழாமல் இருக்கக் கைப்பிடியை மேலே அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் கயிறு கட்டியே பார்த்திருக்கிறேன். பலன் இல்லை. கைப்பிடி மேலே இருந்தாலும் கொக்கி கழன்றால் முனைகள் பிரிந்துவிடும்படிதான் இதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூறு. மிகை மின்சாரம் வந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று எடிசன் 1879-லேயே எழுதிவைத்தார். ஆனால் வீடுகளுக்கு வந்தது உருகும் கம்பிதான், அதாவது பியூஸ். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் நிறுவனம் தகட்டையும் சுருளையும் ஒரே கூட்டுக்குள் சேர்த்து 1924-இல் காப்புரிமை பெற்றது. பியூஸ் இருந்த இடத்திலேயே திருகி மாட்டிக்கொள்ளலாம். அந்த நிறுவனம் பின்னாளில் ஏ.பி.பி. குழுமத்தில் சேர்ந்தது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் கேரியர் இன்னும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: கம்பி போனால் திரும்பக் கட்டுகிறவர் எவ்வளவு தடிமனாகக் கட்டுகிறாரோ அதுவே அந்த வீட்டின் பாதுகாப்பு அளவு. பழைய ஒயரிலிருந்து நாலு இழை உருவி முறுக்கிக் கட்டிவிட்டால், சுவர் எரிந்தாலும் அந்தப் பியூஸ் போகாது.

பொறுமையாக வளையும் தகடு

தகடு பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. ஒரு பக்கம் சூட்டில் அதிகம் நீளும். மறுபக்கம் நீளவே நீளாது என்று சொல்லலாம். நீளாத பக்கத்துக்கு இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். 36 சதவீதம் நிக்கல் சேர்த்தால் இரும்பு சூட்டுக்கு அசையாது என்று 1896-இல் கண்டுபிடித்தவர் சார்ல் எட்வர்ட் கியோம். அதற்காக 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டியிருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் நீண்டால் தகடு வளையத்தானே வேண்டும்? வளைந்து போய்க் கொக்கியைத் தட்டுகிறது. பழைய மாடல் இஸ்திரிப் பெட்டி சூடானதும் ‘டிக்’ என்று அணைவதும் இதே தகட்டால்தான்.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு நேரத்தில் வளைய வேண்டும் என்று இந்தியத் தரவிதி வகுத்திருக்கிறது. 16 ஆம்பியர் டிரிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 2.55 மடங்கு, ஏறத்தாழ 41 ஆம்பியர் என்றால் ஒரு விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் விழ வேண்டும்.

“16 என்று போட்டுவிட்டு 23-க்கு ஒரு மணி நேரமா?” என்று கேட்பார்கள். அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் அந்த ஒரு விநாடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்கெல்லாம் டிரிப்பர் விழுந்தால் வீட்டில் தண்ணீரே ஏறாது. அதோடு சுவருக்குள் இருக்கும் கம்பியும் உடனே சுட்டுவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடேறும். கம்பி சூடேறும் வேகத்தைத் தொடர்ந்து தகடும் சூடேறுகிறது. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அது கம்பிக்கும் உண்டு, தகட்டுக்கும் உண்டு. மிக்சியிலும் ஃபேனிலும் என்ன நடக்கிறது என்று தகட்டுக்குத் தெரியாது. கம்பி எவ்வளவு சூடாகியிருக்கும் என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 8.7. இரண்டும் ஒரே லைனில் ஓடினால் 17.4, 16 ஆம்பியர் டிரிப்பர் பொறுத்துக்கொள்ளும். அதே நேரம் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் 21.7. இப்போது அது விழலாம், விழாமலும் போகலாம். ‘நேற்று விழவில்லை, இன்று விழுகிறது’ என்ற புகார் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

கோடைக்கும் இதில் பங்கு உண்டு. டிரிப்பர்களின் அளவை 30 டிகிரி வெப்பத்தை வைத்துத்தான் குறிக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாவட்டம் 40-ஐத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய இரும்புப் பெட்டிக்குள் என்றால் இன்னும் அதிகம். தகட்டுக்கு ஒரு பங்குச் சூட்டை வெயிலே கொடுத்துவிடுவதால் குறைந்த லோடிலேயே விழும். டிரிப்பர் கெட்டுவிட்டது என்று மே மாதத்தில் மாற்றச் சொல்வார்கள். பெட்டியை வெயில் படாத சுவருக்கு மாற்றி, டிரிப்பர்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

காத்திருக்காத சுருள்

எலி கடித்த ஒயரில் பேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுவிட்டால் பொறுமைக்கு நேரமில்லை. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அப்போது வேலை செய்வது சுருள். மின்சாரம் பாயும் சுருள் காந்தமாகும் என்பது பள்ளிப் பாடம். சாதாரண லோடில் அந்தக் காந்தத்துக்கு இரும்புத் தண்டை அசைக்கப் பலம் போதாது. அளவு மீறினால் தண்டு பாய்ந்து கொக்கியைத் தட்டும். பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைவிடச் சீக்கிரமே முடிந்துவிடும்.

தறி வீடுகளில் இதை விளக்குவது எனக்குச் சுலபம். துணியில் டிசைன் போடும் ஜக்கார்டு எலக்ட்ரானிக் ஆன பிறகு, ஓட்டை போட்ட அட்டைக்குப் பதில் மின்காந்தங்கள்தான் எந்த இழையைத் தூக்க வேண்டும், எதைத் தூக்கக் கூடாது என்று முடிவு செய்கின்றன. பெட்டியைத் திறந்து பார்த்த நெசவாளர்களுக்குச் சுருளும் தண்டும் புதிதல்ல. “இவ்ளோதானாப்பா?” என்பார்கள். இவ்வளவுதான்.

டிரிப்பரின் முகத்தில் ‘சி 16’, ‘பி 10’ என்று இருக்கும். எண் தகட்டைப் பற்றியது, எழுத்து சுருளைப் பற்றியது. ‘பி’ என்றால் 3 முதல் 5 மடங்குக்குள் சுருள் இழுக்கும். ‘சி’ என்றால் 5 முதல் 10 மடங்கு. ‘டி’ என்றால் 10 முதல் 20 மடங்கு. விளக்கு, கீசர் லைனுக்கு பி போதும். மோட்டார் லைனுக்கு சி வேண்டும். அங்கே பி 10 போட்டால் 30 ஆம்பியரிலேயே விழலாம், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் தொல்லை.

பிரிந்த பிறகும் நிற்காத மின்சாரம்

முனைகள் பிரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். உள்ளதிலேயே கடினமான வேலை அப்போதுதான் ஆரம்பம். பெரிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது முனைகளைப் பிரித்தால் நடுவில் இருக்கும் காற்றே பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி மின்சாரத்தைக் கடத்தும். நீல வெளிச்சமாகத் தெரியும் அந்தத் தீப்பொறியை அணைக்காவிட்டால் டிரிப்பரே எரிந்துவிடும்.

அதற்குத்தான் நான்காவது பாகமான இரும்புத் தகடு அடுக்கு. மின்சாரத்தின் காந்தபலமே பொறியை அடுக்கை நோக்கித் தள்ளுகிறது. உள்ளே போனதும் ஒரே நீளப் பொறி தகடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் உயிரோடு இருக்கத் தனித்தனியே இருபது முப்பது வோல்ட் கேட்கும். எல்லாம் சேர்ந்து கேட்பதை வீட்டு லைனால் தொடர்ந்து கொடுக்க முடியாது. போதாக்குறைக்கு நம் மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அடுத்த பூஜ்யத்தில், பல சமயம் அதற்கு முன்பே, பொறி அணைந்துவிடும்.

டிரிப்பரில் கட்டம் போட்டு 6000 அல்லது 10000 என்று இருப்பது, இத்தனை ஆம்பியர் வரை பாதுகாப்பாக அறுத்துவிடுவேன் என்ற உறுதி. தெருவோர 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் காலடியிலேயே ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ 3,000 ஆம்பியர்தான் வரும். ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 6000 நம் வீடுகளுக்குத் தாராளம்.

மாடியில் சோலார் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனலிலிருந்து வருவது டி.சி.; அது பூஜ்யத்தைத் தொடாது. மிச்சம் இருக்கிறதே என்று வீட்டு டிரிப்பரைப் பேனல் லைனில் மாட்டினால் பொறி அணையாமல் பெட்டி தீப்பிடிக்கலாம். அதற்கென்று டி.சி. பிரேக்கர் தனியாக இருக்கிறது.

பெரிதாகப் போட்டால் என்ன?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். நான் பின்பற்றும் வழக்கம் இது: ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்புக் கம்பிக்கு 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16, நாலுக்கு 20 அல்லது 25, ஆறுக்கு 32. கம்பியைப் பார்த்துத்தான் டிரிப்பர், லோடைப் பார்த்து அல்ல.

ஒன்றரை ஸ்கொயர் போட்ட பழைய வீட்டில் யாரோ சி 32 மாட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஊர்க் கடைசியில், டிரான்ஸ்ஃபார்மர் தூரத்தில். போகும் கம்பி, வரும் கம்பி எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஓம் தடை இருந்தால், நேரடி ஷார்ட்டிலும் 153 ஆம்பியர்தான் பாயும். சி 32-இன் சுருள் இழுக்கக் குறைந்தது 160 வேண்டும். அது சும்மா இருக்கும். தகடு வளையச் சில விநாடி ஆகும். ஆனால் 153 ஆம்பியரில் ஒன்றரை ஸ்கொயர் கம்பியின் பி.வி.சி. உறை தாங்கும் எல்லையான 160 டிகிரியைத் தொட ஒன்றேகால் விநாடி போதும். அதே இடத்தில் பி 10 இருந்திருந்தால் 50 ஆம்பியருக்குள்ளேயே சுருள் இழுத்திருக்கும். ஷார்ட் என்றால் எந்த டிரிப்பரும் விழும் என்ற நம்பிக்கை வரிசைக் கடைசி வீட்டுக்குப் பொருந்தாது.

தறி வீடுகளில் பெரிதாகப் போடும் ஆசை வரக் காரணம் இருக்கிறது. முன்பு தறிக்கு மேலே ஒரு விளக்கு, ஒரு ஃபேன். இப்போது தார் சுற்றும் மோட்டார், ஜக்கார்டு மோட்டார், வீட்டுக்குள் ஏசி. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை அரசு 2023-இல் 300 ஆக்கியது. யூனிட் கூடியது, சுவருக்குள் இருக்கும் கம்பி அப்பா காலத்துக் கம்பிதான். லோடு கூடினால் புதிய கம்பி இழுத்துத் தனி லைன் கொடுக்க வேண்டும். செலவுதான். ஆனால் வேறு வழி இல்லை.

ஆளைக் காப்பது வேறொன்று

எம்.சி.பி. இருப்பதால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆபத்தான நம்பிக்கை. மனித உடம்பு வழியே பாய்வது 0.1 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தாலும் உயிர் போகலாம். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் தகட்டுக்கு அது கொசு கடித்த மாதிரிகூட இல்லை.

நெசவாளர் உட்காருவது தறிக்குழியில். கால் மண்ணுக்குள் இருக்கிறது. மோட்டார் பாடியில் கரண்ட் இறங்கினால் வழி திறந்தே இருக்கிறது. எர்த் இருக்கிறதே என்பார்கள். செய்யாறு வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களில் எர்த் குழியும் காய்ந்து கிடக்கும். அதன் தடை 50 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு 4.6 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். எம்.சி.பி. அசையாது, மோட்டார் பாடி முழுக்கக் கரண்ட்டோடு நிற்கும்.

இதற்குத்தான் ஆர்.சி.சி.பி. அதற்குச் சூடு தெரியாது, கணக்குத்தான் தெரியும். பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரு காந்த வளையத்துக்குள் போகும். போனது முழுவதும் திரும்பி வந்தால் வளையம் அமைதியாக இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது எங்கோ மண்ணுக்கோ ஆளுக்கோ போகிறது என்று பொருள். கண நேரத்தில் அறுத்துவிடும். அதில் ‘T’ என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு: மரப்பலகை மேல் நின்று ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் கணக்கு சரியாகவே இருக்கும், அது விழாது. லோடு மிஞ்சினாலும் விழாது. ஆகவே எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

விழுகிற விதத்தைப் பாருங்கள்

டிரிப்பர் விழுந்தால் எனக்கு போன் செய்வதற்கு முன் எப்படி விழுந்தது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சுவிட்ச் போட்டதுமே ‘டப்’ என்று விழுந்தால் சுருள் இழுத்திருக்கிறது, ஷார்ட். அந்த லைனில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டுப் போடுங்கள். நின்றால் ஏதோ ஒரு சாமான் கெட்டிருக்கிறது, அப்போதும் விழுந்தால் ஒயரிங்கில் கோளாறு. இரண்டாவது தடவைக்கு மேல் தூக்கிவிட வேண்டாம்.

அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் தகடு வளைந்திருக்கிறது, லோடு அதிகம். உடனே தூக்கினால் நிற்காது. தகடு ஆறச் சில நிமிடம் விட்டு, கைப்பிடியை ஒரு தடவை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு மேலே தள்ளுங்கள்.

லோடு குறைவாக இருந்தும் விழுந்தால், பெட்டியில் கருகல் வாசம் இருந்தால், டிரிப்பரின் ஸ்குரூ லூசாக இருக்கலாம். லூஸ் கனெக்‌ஷனில் பிறக்கும் சூடு தகட்டுக்கு ஏறுகிறது. அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். பிளக் பாயின்ட்டில் உள்ள லூஸ் கனெக்‌ஷன் இதைவிட மோசம். அது அங்கேயே கருகும், டிரிப்பருக்குச் செய்தியே வராது. சூடாக இருக்கும் பிளக்கை நீங்கள்தான் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் பெட்டிக் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுகிறேன்: எந்த டிரிப்பருக்கு எந்த அறை, அதற்குப் பின்னால் எத்தனை ஸ்கொயர் கம்பி. கம்பி சுவருக்குள் போய்விட்டால் அடுத்து வருகிற எலக்ட்ரீசியனுக்கு அதன் தடிமன் தெரியாது. வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுப் பெரிதாக மாட்டிவிட்டுப் போவார். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒயரிங் செய்தவர் ஊரில் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.